பெயர் மாற்றம்

ஆர்.சி. என் பெயருக்கு வர
ஒரு மாதம் ஆகும் என்றார்
கொளத்தூர் ஆர்.டி.ஓ. வாசல் ஜெராக்ஸ்காரர்.
படிவம் இருபத்தொன்பதில் இரண்டு,
முப்பதில் ஒன்று,
பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் நம்பர்.
அதுவரை
நான் ஓட்டுவது
பெரம்பூர் ஜோதிலிங்கத்தின் வண்டி.

வாங்கியதும் என்ன செய்யணும் என்று
ஆளுக்கொன்று சொன்னார்கள்.
ஆயில் மாற்று.
வைப்பர் ரப்பர் மாற்று, ஐப்பசி வருது.
வடபழனியில் பூஜை போடு.
நாலு எலுமிச்சம்பழத்தில் மூன்று நசுங்கின.
ஒன்று உருண்டு
மழைநீர் வடிகாலுக்குள் போனது.
மகன் அதைத்தான் வீடியோ எடுத்தான்.

நிஸ்தார் பாய் பானெட்டைத் திறக்கவில்லை.
டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து
இழுத்தார், இழுத்தார்,
கிணறு தூர் தெரியும்வரை இழுப்பதுபோல.
அடியில் ஒரு சாண் நீளத்துக்குப்
பழுப்புக் கோடு.
"தண்ணி குடிச்ச வண்டிம்மா.
ஆனா நல்லா காய வெச்சிருக்காரு மனுஷன்."
எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.
எங்கள் வீட்டில் அதே கோடு
பீரோவின் மூன்றாம் தட்டில் இருக்கிறது.

சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளினேன்.
கண்ணாடியைத் தாழ்த்தினேன்.
மிதியடியை உதறியதில்
ஒரு கைப்பிடி கடற்கரை.
பின்கண்ணாடியில் நித்யா, நிகில்.
ஹேர் டிரையர் காட்டி
பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினேன்.
ஒரு 'நி' மட்டும் வரவேயில்லை.
யாருடைய நி என்று தெரியாமல்
விட்டுவிட்டேன்.

மறந்தது
முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்.

ஞாயிறு, மதுராந்தகம் போகையில்
பரனூரில் தடுப்புக் கட்டை
ஒரு கேள்வி கேட்காமல் எழுந்தது.
செங்கல்பட்டு வருமுன் போன்.
"பரனூர் தாண்டிட்டீங்களாம்மா?"

வெலவெலத்து ஓரங்கட்டினேன்.
மன்னிச்சிடுங்க சார், இப்பவே அனுப்பிடறேன்.
"பணம் கெடக்கட்டும்.
ஏசி ரெண்டுக்கு மேல வைக்காதீங்க,
ஏத்தத்துல மூச்சு வாங்குவான்."

வாங்குவான் என்றார்.
விற்பனைப் பத்திரத்தில்
'மேற்படி வாகனம்' என்றுதான் இருந்தது.

மறுவாரம் சூரப்பட்டு.
"செங்குன்றம் பக்கமா?
அந்தப் பள்ளத்த மூடிட்டானா இன்னும் இல்லியா?"
மூடவில்லை சார் என்றேன்.
மூடியிருந்தால் சொல்ல
ஒன்றும் இருந்திருக்காது.

வானகரம், இரவு பதினொன்றரை,
லேபில் ஷிப்ட் முடிந்து.
அன்று போன் வரவில்லை.
விடிந்ததும் ஒரு மெசேஜ்:
பத்திரமா வீடு போய்ச் சேந்தீங்களா.

கண் டாக்டர்
சாவியை வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாராம்.
இப்போது அவருக்கு
போன் மட்டும் கொஞ்சம் தெரிகிறது,
எழுத்தைப் பெரிதாக்கி.

பேங்க் ஆப்பில் புது டேக் வாங்க
நாலு நிமிடம் போதும்.
நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன்.
தாண்டும்போதெல்லாம் பணம் அனுப்பினேன்.
அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஸ்பீட் போஸ்டில் கார்டு வந்தது.
என் பெயர். இனிஷியல் தப்பு.
பழைய டேக்கை எடுக்கும் முன்
அன்று மாலை
வேலை ஏதும் இல்லாமல் வானகரம் வரை போனேன்.
தாண்டினேன்.
திரும்பினேன்.
தாண்டினேன்.

"என்னம்மா, ரெண்டு தடவ காட்டுது?"
"ஆமா சார்,
போயிட்டு வந்தோம்."
கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும் கேட்டது.
"சரி, சரி" என்றார். "போயிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு பரனூரில்
கட்டை எழவில்லை.
பின்னால் ஒரு லாரி, ஒரு ஆம்னி பஸ்,
நாலு திசைக்கும் ஹாரன்.
புது டேக்கில் பணம் போடவில்லை என்பது
அப்போதுதான் நினைவு வந்தது.
பக்கத்து சீட்டில் போன்
சும்மா கிடந்தது.
சில்லறை தேடி
டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன்.